மஞ்சக்கரு

நகரி ஆந்திராவோடு போன வருஷம் அது. புரட்டாசி முடிந்த மறுநாளே மாமியார் செங்கம்மா மடி நிறைய முட்டை கொண்டுவந்தாள்.

"அத்தனையும் வேக வை, தாட்சாயணி. மஞ்சக்கரு மஞ்சக்கருன்னு கேட்டுக்கினே இருந்துதே குழந்தை."

தாட்சாயணி அடுப்பை மூட்டினாள். மகள் சுலோசனாவுக்குக் கால் வீங்கியபோது, "உடம்புல சத்தே இல்லம்மா, தினமும் முட்டை குடு" என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார்.

"மலையேறுற குடும்பம். புரட்டாசியில முட்டையா? பயறு அவிச்சுக் குடு, அதுவும் சத்துதான்" என்று அன்றைக்குத் தடுத்தவளும் இதே மாமியார்தான். பயறு குழந்தையின் வயிற்றில் தங்கவில்லை. அப்போது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது தாட்சாயணிக்கு.

"ரெண்டா அறுத்து வை. முழுசா வெச்சா துன்னாது" என்றான் கணவன் திருமலை.

அவள் அறுத்தாள். வாழை இலையில் சோற்றைப் போட்டு, மஞ்சக்கரு மேலே தெரியும்படி வைத்தாள்.

"ஆறிப்போவுது. போய்க் கூப்புடு" என்றாள் செங்கம்மா.

தாட்சாயணி இலையோடு கொல்லைக்கு வந்தாள். மகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டாள்.

"கா... கா..."