ஏழு ஒன்றுகள்

கரும்பலகையில் எழுதியிருந்த ஏழு ஒன்றுகளுக்கு அடியில் ஆறுமுகநயினார் வாத்தியார் கோடு போட்டுவிட்டுத் திரும்பியபோது, பிளாரன்ஸ் டீச்சர் எழுந்து நின்றிருந்தாள்.

கான்வென்ட் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். தூத்துக்குடி கடற்கரைச் சாலை வாசகசாலையில் அன்று நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று ஒரு பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று அரைமணி நேரம் பேசி முடித்திருந்தார். அதற்கு வேண்டிய நூற்று எழுபத்தேழு பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாயிற்று என்றார். அவருடைய தலைமையாசிரியரே கைதட்டினார்.

“இருநூத்தி முப்பத்தொம்பதால வகுபடுது சார்,” என்றாள் டீச்சர், தயங்கித் தயங்கி.

பலகைக்கு வந்து அவளே வகுத்துக் காட்டினாள். ஈவு நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. மீதி ஒன்றுமில்லை.

தோணியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. என்ன சொல்வதென்று யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது.

“அந்தத் தாளெல்லாம் என் வீட்டுக்காரி வகுத்தது. நாலாங் கிளாஸோட நின்னவ.”

சபை சிரித்தது.

அந்தக் கணக்கில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஐந்நூறுக்குக் கீழே உள்ள தொண்ணூற்றைந்து பகா எண்களாலும், உலை கொதிக்கும் நேரத்திலும் பிள்ளை தூங்கும் நேரத்திலும் உட்கார்ந்து வகுத்தவள் அவள்தான்.

செல்லத்தாய் கடைசி பெஞ்சில் இருந்தாள். புருஷன் பேசுவதைக் கேட்கக் கலியாணப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெல்ல எழுந்தாள்.

“ஆமா டீச்சர், நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். அவுக மேல குத்தமில்ல.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கொஞ்சம் அன்பாகவே. தலைமையாசிரியர் வந்து வாத்தியாரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வாத்தியார் நிமிரவில்லை. ஒரு பொம்பளையிடம் தோற்றுப்போன வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால், தை மாதம் ஒரு மத்தியானம், மாவு ஒட்டிய கையோடு செல்லத்தாய் இருநூற்று முப்பத்தொன்பதால் வகுத்த தாளை அவரிடம் கொண்டுவந்திருந்தாள். மிச்சமே வரவில்லை என்று சொல்லும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குள் அவர் தலைமையாசிரியரிடம் சொல்லி, கூட்டத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. தானே ஒரு தரம் வகுத்துப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

பேனாவை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மீதி என்று அவள் போட்டிருந்த பூஜ்யத்தின் தலையில் ஒரு வால் இழுத்து அதை ஆறாக்கினார்.