குறுக்குக் கட்டை

“நடக்கவே தள்ளாடுற மனுஷன். அவர் காலுக்குக் குறுக்கே கட்டையை நீட்டுது பாரு அந்த அம்மா!”

சோமசுந்தரத்தின் குரல் தெருவுக்கே கேட்டது. செட்டியார் கிட்டங்கியில் மேலாள் அவர். ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்ததிலிருந்து வட்டித் தொழில் படுத்துவிட்டது. எதிர்வீட்டைப் பார்ப்பதுதான் மிச்சமிருந்த வேலை.

எதிர்வீட்டு விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். நடுக்குவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். உடனே மனைவி கனகேஸ்வரி ஒரு தடியை அவர் காலுக்கு முன்னால் வைப்பார். தடியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்குக் கட்டை அடித்திருந்தது. மனிதர் எப்படியோ அதைத் தாண்டிப் போவார்.

“இடறினா இடுப்பு போச்சு. தடின்னா ஊன்றதுக்கா, தடுக்கி விடறதுக்கா?”

“கொடுமைலா அண்ணே,” என்றார் சின்னம்மா. கிட்டங்கி வாசலில், அஞ்சடி நடைபாதையில் கீரை விற்பவர்.

“இன்னொண்ணு கவனிச்சியா? மாடிப்படியில மடமடன்னு ஏறுறார். சமதரைக்கு வந்தா ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறார். என்ன வியாதி இது?”

“மூணு வேளையும் மரவள்ளி தின்னா யாருக்குத்தான் கால் வரும்?”

சோமசுந்தரத்துக்கு மனசு ஆறவில்லை. தெருவைக் கடந்து போய்க் கேட்டே விட்டார்.

“ஏம்மா, அந்தக் கட்டை எதுக்கு? பார்க்கிறவங்களுக்கே பதறுது.”

“சொன்னால் உங்களுக்கு விளங்காது அண்ணை. உங்கட வேலையைப் பாருங்கோ.”

அன்று சாயங்காலம் தடி எதிர்வீட்டு வாசல் கதவோரம் சாத்தியிருந்தது. ஆளில்லை. சோமசுந்தரம் கிட்டங்கியிலிருந்து ரம்பம் எடுத்து வந்தார். பத்து இழுப்பு. கட்டை அறுந்து விழுந்தது. பிசிறு குத்தாமல் உப்புத்தாளால் தேய்த்தும் வைத்தார். புண்ணியம் செய்த தெம்பில் அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கனகேஸ்வரி கூப்பிட்டார். தோளில் கம்பளி. குளிர்காய்ச்சலில் பல் தந்தியடித்தது.

“அண்ணை, ஒரு உதவி. அரிசிச் சீட்டு ஆருடைய பேரிலையோ அவரே நேரிலை வந்தால்தான் அரிசியாம். இண்டைக்குக் கடைசி நாள். வீட்டிலை ஒரு மணி அரிசியில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போவீங்களே?”

“இதென்ன கேள்வி? நான் பார்த்துக்கிறேன்.”

“அவர் நிண்டிட்டால் தடியைக் காலுக்கு முன்னாலை வையுங்கோ. மற்றது தானா நடக்கும்.”

தடியைத் தாம் வைத்துக்கொண்டு, கைத்தாங்கலாக அழைத்துப் போனார். நடைபாதை நெடுகக் கட்டம் கட்டமாகச் சீமை ஓடு பதித்திருந்தது. விஸ்வலிங்கம் குனிந்த தலை நிமிராமல், ஓட்டுக்கு ஓடு இடைக்கோட்டைத் தாண்டி ஜோராக நடந்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

‘கட்டையை எடுத்ததும் நடை வந்துடுச்சு பாரு!’ சோமசுந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருமுனையில் ஓட்டுத்தரை முடிந்து தார் ரோடு தொடங்கியது. அங்கே ஜப்பான்காரன் காவல். அவனுக்கு இடுப்பு வரை குனிந்து வணக்கம் போட்டுவிட்டுத்தான் அரிசிக் கடைக்குப் போக வேண்டும். போட்டதும் நகர்ந்துவிட வேண்டும். போன வாரம் முறைத்துக்கொண்டு நின்ற ஒருவரை, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி மத்தியானம் வரை வெயிலில் நிற்க வைத்திருந்தான்.

இருவரும் குனிந்தார்கள். சோமசுந்தரம் நகர்ந்தார். விஸ்வலிங்கம் நகரவில்லை.

“வாங்கய்யா.”

“கால் வருகுதில்லை தம்பி.”

கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் அப்படியே நின்றது. விழப்போனவரைக் கட்டிப் பிடித்து நிறுத்துவதற்குள் சோமசுந்தரத்துக்கு வியர்த்துவிட்டது.

“கொரா!” காவல்காரன் தன் பாஷையில் கத்தினான்.

கனகேஸ்வரி சொன்னது நினைவுக்கு வர, தடியைக் காலுக்கு முன்னால் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

விஸ்வலிங்கம் தடியை அப்போதுதான் பார்த்தார்.

“கட்டை எங்கை?”

“அறுத்துட்டேன்யா. நீங்க தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு...”

“நாசமாப் போச்சு! குறுக்கை ஏதும் கிடந்தால்தான் என்ரை கால் எழும்பும். படியிலை ஏறுறனான்தானே? கோட்டைக் கண்டால் நடக்கிறனான்தானே? வெறுந்தரையிலை ஏலாது தம்பி!”

காவல்காரன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறைவதற்குக் கையை ஓங்கியபடி வந்துகொண்டிருந்தான்.

சோமசுந்தரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். தன் வலது காலை விஸ்வலிங்கத்தின் கால்களுக்கு முன்னால் குறுக்கே நீட்டினார்.

கிழவரின் கால் எழும்பியது. தாண்டியது. ஒரு எட்டு.

நொண்டியடித்து முன்னால் போய் மறுபடியும் நீட்டினார். இரண்டாவது எட்டு.

ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, காவல்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அரிசிக் கடை வரிசையிலிருந்து ஒரு கூச்சல். சின்னம்மா!

“அடப்பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டு, சீக்காளி காலுக்குக் குறுக்கே காலையா நீட்டுற? நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

“சொன்னா உனக்கு விளங்காது, சின்னம்மா!” என்றபடி, சோமசுந்தரம் அடுத்த எட்டுக்குக் காலை நீட்டினார்.