சட்டைப்பைக்குள் துடிப்பு

மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். இழுத்தான்.

வெளியே விடச் சொன்னாள். விட்டான்.

வேலைதான் இல்லை, மூச்சு விடக்கூடவா தெரியாது என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். போன முகூர்த்தத்தின் ரசவாசம் இன்னும் போகவில்லை. வேலை போனவர்களும், அவனைப்போல வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கூப்பிடப்படுகிறவர்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனப்பதற்றம் குறைக்கும் பயிற்சியாம். இதற்கு வந்தால்தான் இதை நடத்தும் டிரஸ்ட்காரர்கள் கம்பெனிகளுக்குப் பெயர் அனுப்புவார்கள். இல்லையென்றால் இந்தப் பக்கம் எவன் எட்டிப் பார்ப்பான்?

முதல் நாளே பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு கேள்வி கேட்டாள். போன் வராமலே சட்டைப்பை துடிப்பதுபோல் யாருக்கெல்லாம் தோன்றுகிறது?

கூடம் முழுக்கக் கை தூக்கியது.

தூக்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்றிலிருந்து அதுதான் பாடம். போனைச் சத்தமில்லாமல் அதிர்வில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். துடித்தால் கவனிக்க வேண்டும், எடுக்கக் கூடாது. அது மனசு செய்கிற வேலை. வரும், போகும்.

அவனால் முடியவில்லை. துடிக்கும். எடுத்துப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது.

அவள் புன்னகைப்பாள்.

அந்தப் புன்னகையைக் கண்டால் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும். அடிக்க முடியாது. பம்ப் கம்பெனியிலிருந்து அழைப்பு வர வேண்டும்.

போன வாரம் நேர்காணலுக்கு மருதாசலத்தின் பைக்கில்தான் போனான். மருதாசலம் இதே வகுப்பு, பக்கத்து நாற்காலி. லேத் மெஷின் ஓட்ட ஒரே ஒரு இடம். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். "உங்களத்தான் மொதல்ல வெச்சிருக்கறோம். போன் பண்ணுவோம். எடுக்கலீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவோம், எங்களுக்கு அவசரம்" என்றார் மேனேஜர் அவனிடம்.

திரும்பும் வழியெல்லாம் மருதாசலத்திடம் அதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. கைக்கு வருமுன் வெளியே சொன்னால் தட்டிப்போகும்.

மனைவியிடம் மட்டும் சொன்னான். தையல் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் அவள் தினமும் கூப்பிடுவாள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கூப்ட்டாங்களாங்க?"

நேற்று மகள் விளையாடுவதற்குப் போனை எடுத்துவிட்டாள். முதுகில் ஓர் அறை வைத்தான். குழந்தை அழாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வை அவனை இன்னும் விடவில்லை. இன்றைக்குத் துடித்தாலும் பார்ப்பதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தான்.

துடித்தது.

இடது மார்பின் மேல், அதே இடத்தில்.

கை எழுந்தது. இழுத்துத் தொடையில் வைத்தான்.

எனக்கே ஆட்டம் காட்டுகிறாயா, என்றான் மனசிடம்.

வழக்கத்தைவிட அதிக நேரம் துடித்தது. பொல்லாத மனசு. அவன் விட்டுக்கொடுக்கவில்லை. வருவதைப் பார்த்தான். இருப்பதைப் பார்த்தான்.

நின்றது.

பிறகு ஓர் அமைதி வந்தது. பொய்யில்லை, நிஜமாகவே வந்தது. முன்பு வேலை பார்த்த பட்டறையை மூடியதிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் தாமாக இறங்கின. மின்விசிறியின் சத்தம் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. சாயங்காலம் மகளை மடியில் உட்காரவைத்து, அப்பா செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். கண்ணோரம் நனைந்தது. துடைக்கவில்லை.

பக்கத்தில் நாற்காலி தரையைக் கீறியது. "சொல்லுங்க சார்" என்றபடி மருதாசலம் எழுந்து வெளியே ஓடினான்.

பாவம், இன்னும் பக்குவம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பயிற்சிப் பெண் கைமணியை அடித்தாள். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"இன்னிக்கு இவரைப் பாத்தீங்களா? ஒரு அசைவு இல்லை" என்று அவள் அவனைக் காட்டினாள். கைதட்டினார்கள். கூச்சமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அவனுக்காக யாரும் கைதட்டி எவ்வளவோ காலமாயிற்று.

மருதாசலம் வாசலிலிருந்து ஓடி வந்தான். வந்த வேகத்தில் அவனைக் கட்டிக்கொண்டான்.

"ண்ணா, பம்ப் கம்பெனிலிருந்துங்ணா! திங்கக்கெழம வந்து சேரச் சொல்லீட்டாங்க. மொதல்ல வேற ஆளுக்குத்தான் அடிச்சாங்களாமா. அவுரு போனையே எடுக்கலியாமா. எந்தப் புண்ணியவானோ, நல்லா இருக்கோணும்ங்ணா."

அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். வேறென்ன செய்வது? கை அதுபாட்டுக்குத் தட்டியது.

மருதாசலத்தின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான். பாய்ந்துபோய் அவள் மணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. அவள் வேறு யாரிடமோ புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டைப்பையில் இருப்பதை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

அப்போது இருவர் நெஞ்சுக்கும் நடுவே துடித்தது.

மருதாசலம் விலகி நின்றான்.

"உங்களுதுதானுங்ணா. எடுங்க."

சாப்பாட்டு நேரம். இந்நேரத்துக்கு அவனைக் கூப்பிடுவது ஒரே ஆள்தான்.

அது துடித்துக்கொண்டே இருந்தது.

அவன் கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்தான்.