மூன்றாவது சைலன்சர்

பக்கத்து வீட்டு நர்ஸ் மறுபடியும் வந்து நின்றாள். "நைட் டியூட்டி முடிச்சு வந்து படுக்கிறேன். உங்க ஏர்கன் தூங்க விடமாட்டேங்குது, சார்."

வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தத்தை அடக்கவென்று துப்பாக்கி முனையில் மாட்டியிருப்பது மூன்றாவது சைலன்சர்! "கொசு தும்மினாக்கூட இதைவிடச் சத்தமா கேக்கும்மா!"

"என் ரூமுக்கு வந்து கேளுங்க."

துப்பாக்கியை மனைவியிடம் கொடுத்து, "நான் அங்க போனதும் சுடு" என்று சொல்லிவிட்டு, நர்ஸின் கட்டிலருகே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

டணார்! தலைமாட்டுச் சுவர் அதிர்ந்தது. வாத்தியார் துள்ளிவிட்டார்.

"இது துப்பாக்கிச் சத்தமே இல்லையே!"

"இல்லதான். குறி பாக்குறதுக்குன்னு இந்தச் சுவருக்கு வெளியில தகரத்தட்டு அடிச்சு வெச்சிருக்கீங்களே, அது."

ஜன்னல் வழியே மனைவியின் குரல் குதூகலமாக வந்தது. "ஏங்க, நட்டநடுவுல பட்டுச்சு! இன்னொண்ணு சுடட்டுமா?"

"வேண்டாம்" என்று அவர் வாயைத் திறப்பதற்குள்—

டணார்!