கோடு வரைக்கும்

மெஹராஜ் டியூபில் கோடு வரைக்கும் துப்பி முடித்தாள். வெற்றிலை போடுகிற வாய்க்குத் துப்பச் சொல்லித்தரவா வேண்டும்? அரைமணி நேரம் போடாமல் இருந்ததுதான் கஷ்டம்.

பெருநாளுக்கு எர்ணாகுளத்திலிருந்து கம்பம் வந்த அண்ணன் மகன் நௌஷாத், ஆளுக்கொரு டிஎன்ஏ டெஸ்ட் டப்பா வாங்கி வந்திருந்தான். யாருக்கு யார் என்ன உறவென்று மொத்தக் குடும்பமும் செல்போனில் பார்க்கலாமாம். ஒழுங்காகத் துப்பாவிட்டால் ரிசல்ட்டே வராது என்றும் மிரட்டியிருந்தான்.

புருஷன் அப்துல் அஜீஸ் தன் டப்பாவைப் பிரிக்கவே இல்லை. மகள் முபீனா அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. இருபத்தாறு வருஷமாக அது முபீனாவுக்கே தெரியாது. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும்படி மெஹராஜிடம் கெஞ்சிவிட்டு, மனுஷன் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடிவிட்டார்.

மெஹராஜுக்குப் பயமே இல்லை. தன் பிள்ளை செத்துப் பிறந்த அதே வாரம், வெளியூர் ஆஸ்பத்திரியில் தாயில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்தாள். முழுசாக இரண்டு வருஷம் பால் கொடுத்தாள்.

பால் குடித்தால் பிள்ளைதான் என்று மார்க்கமே சொல்கிறது. மார்க்கம் ஒத்துக்கொண்டதை ஒரு மெஷின் மறுத்துவிடுமா? பால்தானே உடம்பில் ரத்தமாகிறது!

மகளிடமே கேட்டிருக்கலாம். தேனியில் லேப் டெக்னீசியன். படிக்கும்போது கை பழக வேண்டுமென்று அத்தா விரலையும் அம்மா விரலையும் தன் விரலையும் குத்திக் குத்தி ரத்தப் பிரிவு பார்த்தவள். ஆனால் கேட்டால் குட்டு உடைந்துவிடுமே.

முபீனா தன் டியூபோடு அடுப்படிக்குள் வந்தாள். நேராகப் போய்ப் பைப்பைத் திறந்தாள். கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகிக் குலுக்கினாள். மூடிக்குள் இருந்த நீல மருந்து கலந்ததும், அம்மாவின் டியூபுக்கும் அவளுடையதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"ஏண்டி, தண்ணியப் போயி பிடிக்கிற? துப்ப வேண்டியதுதான?"

முபீனா எட்டிப் பார்த்தாள். நௌஷாத் ஹாலில் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் துப்பட்டா நுனியால் அம்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"பால் குடிச்சதெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாதும்மா."