வெளித் தாழ்ப்பாள்

"நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட்டுடுங்க."

கானா கடற்கரையில், அடிமைகளை அடைத்து வைத்திருந்த அந்தக் கோட்டையின் வழிகாட்டி ஈபோ பதறினான். "வேணாம் மேடம்! முன்னோரைத் தேடி வர்றவங்க வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போயிடுவாங்க. இந்த நிலவறைக்குள்ளே காத்துகூட வராது."

"எங்க முப்பாட்டன் இங்கதான் இருந்தார். கொஞ்ச நேரமாவது நான் உள்ளே இருந்தாகணும்." வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாள்.

ஈபோவுக்கு மனம் இளகியது. "இதே நிலவறையிலயா அடைச்சு வச்சிருந்தாங்க, பாவம்?"

"இல்ல. அவர் மேல் மாடியில அதிகாரியா இருந்தார். இந்தக் கதவோட சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் இருட்டுக்குள் நுழைந்தாள். ஈபோ கதவைச் சாத்தினான். பிறகு தாழைப் போட்டுவிட்டு, கதவருகே குனிந்து சொன்னான்:

"பயமா இருந்தா தட்டுங்க, மேடம். நான் திறந்துடுவேன்."