விளக்குக் கொக்கியில் தூளி

கிருஷ்ணகிரிப் பாறையில் பட்டுத் திரும்பும் பிற்பகல் வெயில், ஆஸ்பத்திரியின் உயரமான வளைவுக்குள் சாய்ந்து வண்ணக் கண்ணாடியின் சிவப்பைத் தரையில் கொட்டுகிறது. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம் இது. பாதுகாக்கப்பட்டது, எதையும் தொங்கவிடக் கூடாது என்கிறது சர்க்கார் பலகை. காவல்காரன் சென்னப்பன் அண்ணாந்து பார்க்கிறான். பழைய விளக்குக் கொக்கியில் கயிறு தொங்குகிறது. அதில் கட்டிய சேலைத் தூளிக்குள் காய்ச்சலில் அனத்துகிறது குழந்தை. “அவுத்துடும்மா. கட்டடத்தைப் பாக்க இன்ஜினீயர் வராரு, என் வேலை போயிரும்.” “தூளியில்லாம தூங்க மாட்டாண்ணா. நேத்துலருந்து கண்ணே மூடல,” என்கிறாள் தாய் ஃபகருன்னிசா. “கொக்கி பிஞ்சா?” “வெள்ளைக்காரன் போட்ட கொக்கி, எம்புள்ள கனத்துக்கா பிஞ்சிரும்?” அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. படியில் பூட்ஸ் சத்தம். அவள் பயந்து முடிச்சில் கை வைக்கிறாள். தூளிக்குள் அனத்தல் நின்றிருக்கிறது. “இரும்மா, இப்பத்தான் தூங்குறான்,” என்று கிசுகிசுக்கிறான் சென்னப்பன். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வந்து நிற்கும் இன்ஜினீயரைப் பார்த்தபடியே தூளியை மெல்ல ஆட்டுகிறான்.